பெல்லட் மூட்டை



அமெரிக்காவில் மகள் வீட்டில் பெல்லட் அடுப்பில்தான் கோழி வாட்டுகிறார்கள். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் மொத்தமுள்ள சிறு துண்டு. பசை சேர்க்காமலே, மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்கிறது.

மலிவென்று மருமகன் வீடு சூடாக்கும் அடுப்புக்கான மூட்டையை எடுத்தார். "வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். அதில் பைன் போன்ற பிசின் மரம் இருக்கலாம். அந்தப் புகைதானே கறியில் ஏறும்? சாப்பிடப்போவது பேரன் அல்லவா!

பையின் முன்னால் 'ஹிக்கரி' என்றிருந்தாலும் பின்பக்கம் படியுங்கள். பெரும்பகுதி ஓக்காக இருக்கலாம். கெடுதல் இல்லை, விலைதான் பார்க்க வேண்டும். பையின் அடியில் தூள் நிறையத் தேங்கியிருந்தால் எடுக்காதீர்கள், அடுப்பின் திருகில் அடைத்துக்கொள்ளும். பிரித்ததும் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். 'படக்'கென்று ஒடிந்தால் நல்லது. பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் குடித்தது. மிச்சத்தை மூடியுள்ள வாளியில் வையுங்கள்.

கோழிக்கு ஆப்பிள் மரமா, செர்ரியா? அங்கே இருக்கும் பிள்ளைகள் எழுதுங்கள்.