விண் பூட்டாத பட்டம்

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கடந்த மார்கழியில் மீண்டும் ஒரு பட்டம் கட்டினேன். ஐம்பதைத் தாண்டிய பத்திரிகைக்காரனுக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

காரணம் அக்காவின் பேரன். ரொரன்ரோவிலிருந்து வரும் உறவினர் ஒருவர் அவனுக்கு றிமோட்டில் பறக்கும் சிறு விமானமொன்றை வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். தடுத்தவன் நான்தான். ஆளில்லாமற் பறப்பவற்றுக்கு இலங்கையிற் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் சிலகாலம் அவற்றை முற்றாகவே தடைசெய்திருந்தார்கள். அதிலும் கிளிநொச்சியில், ஒரு வளவிலிருந்து இயந்திரமொன்று மேலெழுந்தால் யார் யார் வந்து என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பையனின் முகம் வாடிப்போயிற்று. "பட்டம் கட்டித் தாறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கை எதையும் மறந்திருக்கவில்லை. மூங்கிலைச் சீவி, இரு பக்கமும் ஒரே பாரந்தானா என்று விரல் நுனியில் நிறுத்திப் பார்த்து, கோதுமை மாப் பசை காய்ச்சித் தாள் ஒட்டினேன். முச்சை கட்டுவதுதான் வித்தை. மேல்நூல் நீண்டால் பட்டம் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஏற மறுக்கும். குறுகினால் உதறும், தலைகுத்தும்.

கடைசியாக விண். வடக்கை அறியாத வாசகருக்காகச் சொல்கிறேன்: வில்லாக வளைத்த சலாகையில் தட்டை நாரொன்றை இறுக்கிக் கட்டிப் பட்டத்தின் தலையிற் பூட்டுவது. காற்றில் நார் அதிர்ந்து, ஒரே சுருதியில் விடாமற் கூவும். எங்கள் காலத்திற் பனை நார். இன்று பொதி கட்டும் பிளாஸ்ரிக் நாடா. அன்று இரவிற் பட்டத்தை மரத்தோடு கட்டிவிட்டு அந்தச் சத்தத்திலேயே உறங்கினோம். எண்பதுகளில் ஹெலிகொப்ரர்கள் வரத் தொடங்கியதும் பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் வன்னியிற் காலபோக நெல் வயல்களை நிறைத்து நிற்கும். அறுந்த பட்டத்தின் பின்னால் வரம்பைத் தாண்டி ஓடினால் கமக்காரரிடம் ஏச்சு நிச்சயம். ஆகவே வாய்க்கால் கட்டில் நின்று ஏற்றினோம். பட்டம் வீட்டுப் பக்கம் சரிந்து உயர்ந்தது, விண் கூவிற்று. பையன் துள்ளினான்.

திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா சுளகைப் போட்டுவிட்டு எழுந்தா. முதலில் வானத்தைப் பார்க்கவில்லை, பையனைத்தான் தேடினா. பெயர் சொல்லிக் கத்தினா. பிறகுதான் பட்டத்தைக் கண்டா. "உதை இறக்கடா தம்பி" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா.

இறுதி யுத்த காலத்தில் வன்னி வானில் வட்டமிட்ட ஆளில்லா வேவு விமானத்தைச் சனங்கள் 'வண்டு' என்றார்கள். மணிக்கணக்காக இரையும். அது இரைந்த இடத்துக்குப் பிறகு கிபிரோ ஷெல்லோ வரும் என்பது அவர்களின் அனுபவம். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தபோது அக்கா குடும்பம் ஏற்கெனவே கிழக்கே நகர்ந்திருந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். அத்தனை பதுங்குகுழிகளிலும் அந்த இரைச்சல் அவவின் தலைக்கு மேலே இருந்தது.

நான் அப்போது கொழும்பில், செய்தி மேசையில். ஒற்றை மேற்கோள் குறிக்குள் 'வண்டு' என்று எத்தனையோ தடவை எழுதினேன். அந்தச் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. அது விண் கூவுவதைப் போன்றது என்பதை அன்றுதான், அதுவும் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான், அறிந்தேன்.

விண்ணைக் கழற்றினேன். தலைப்பாரம் குறைந்ததால் முச்சையை மாற்றிக் கட்டவேண்டியிருந்தது. பட்டம் ஏறியது, சத்தமின்றி. பையனுக்குப் பிடிக்கவில்லை. அவன் யுத்தம் முடிந்தபின் பிறந்தவன். "அம்மம்மா ஏன் கத்தினவா?" என்று கேட்டான். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் விளக்கம் எழுதியவனுக்குப் பதில் வரவில்லை. இரவு சோறு போடும்போது அக்காவே சொன்னா: "எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது, மோனை."

தைப்பொங்கலன்று அவனை வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைப் பட்டப் போட்டிக்குக் கூட்டிச் சென்றேன். அக்கா வரவில்லை. கடற்கரையெங்கும் மனிதரைவிடப் பெரிய பட்டங்கள். சில நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தும் அடங்கவில்லை. திரும்பும் வழியில், ஆனையிறவு, பரந்தன் தாண்டியும் பையன் வாயாலேயே விண் கூவிக்கொண்டு வந்தான். பஸ்ஸிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுப் படலையைக் கண்டதும் தானாகவே நிறுத்திக்கொண்டான்.