தகப்பன் பெயர்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் நெட்டாலுக்குப் போனார். என் கொள்ளுத் தாத்தாவுக்கு அவர் அண்ணன். ஊர் குடியாத்தத்துக்குப் பக்கம். சொந்த நிலம் கிடையாது. அண்ணனும் தம்பியும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். ஒருநாள் சந்தைக்குப் போன அண்ணன் வீடு திரும்பவில்லை. ஆள் பிடிப்பவரோடு பட்டணம் போய்க் கப்பல் ஏறிவிட்டார் என்ற சேதி பிறகுதான் வந்தது. ஒரே ஒரு கடிதம் வந்ததாம். வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாததால் அதை வாசித்துக் காட்ட ஆள் தேடினார்களாம். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. இதை எனக்குச் சொன்னவர் என் அத்தை. "நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் இருப்பாங்கடா, ஒருநாளு தேடிப் பாரு" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

அப்பா பிழைப்புக்காகப் பெங்களூர் வந்ததால் நான் பொம்மனஹள்ளிக்காரன் ஆனேன். ஓசூர் சாலையை ஒட்டிய ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில், புதிதாகச் சேரும் தொழிலாளர்களின் விவரங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. பதிவேடுகளோடு பழகியவன் என்பதால், கடல் தாண்டிப் போனவரைப் பற்றியும் எங்காவது ஒரு வரி இருக்கும் என்று நம்பினேன்.

நெட்டால், இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் ஆண்ட பகுதி. அங்கே கரும்பு பயிரிட்ட வெள்ளைக்கார முதலாளிகளுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்விடியர்' வந்தது. அன்று தொடங்கி 1911 வரை அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆண்களுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும்.

ஒப்பந்தக் காலத்தில் அவர்கள் பட்ட பாடு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம் ஒழுக 1894இல் டர்பனில் காந்தியின் முன் வந்து நின்றார். அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு ஊருக்கும் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல் சுதந்திரமாக வாழ நினைப்பவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்றது அது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் வாங்கியவருக்கு அந்த வரி ஆறு மாதக் கூலி. 1913இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து போராடி, சிறை சென்று, அடிபட்ட பிறகே 1914இல் அது நீங்கியது. தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதில் உயிர்விட்டதும் அந்தப் போராட்டத்தில்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டாவது கடிதம் வராமல் போனதற்கு இந்தச் சட்டம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. திரும்பி வரவும் முடியாமல், அங்கே நிலைகொள்ளவும் முடியாமல் இருப்பவர் ஊருக்கு என்ன எழுதுவார்?

கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி ஒதுக்கப்பட்டது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று அதில் கட்டங்கள் இருந்தன. கூலியாள் தோட்டத்தைவிட்டு ஓடிப்போனால் பிடிப்பதற்கும், முதலாளிக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கு வைப்பதற்கும் எழுதியவை அவை. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் பல வருஷம் பாடுபட்டு அந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றினார்கள். அதனால்தான் பொம்மனஹள்ளியில் ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு என்னாலும் தேட முடிந்தது.

தேடத் தொடங்கியதும் முதலில் தெரிந்துகொண்டது, பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஊர் போய்ச் சேர முடியாது என்பது. முனுசாமிகளும் சின்னசாமிகளும் கோவிந்தன்களும் கப்பலுக்குக் கப்பல் இருக்கிறார்கள். எழுதிய குமாஸ்தா தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஒரே பெயர் பல கோலங்களில் கிடக்கிறது. ஆகவே ஜில்லாவிலிருந்து இறங்கினேன். அதற்கு அன்றைய வரைபடம் வேண்டும். அன்றைய வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகர் சித்தூர். 1911இல்தான் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. இன்று வேலூர் மாவட்டத்தில் இருக்கும் குடியாத்தமும் இன்று ஆந்திரத்தில் இருக்கும் சந்திரகிரியும் அன்று ஒரே ஜில்லா. இது தெரியாமல் இன்றைய எல்லையை வைத்துத் தேடுகிறவர் பாதிப் பேரைத் தவறவிட்டுவிடுவார். ஜில்லாவுக்கு அடுத்தது தாணா. அதற்குள் கிராமங்கள்.

கிராமப் பெயர்களைக் கண்டுபிடித்தது நானல்ல, அத்தை. போனில் நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்து, "அது ஆத்துக்கு அக்கரையில இருக்கிற ஊருடா, நம்ம சின்னம்மாவைக் கட்டிக்குடுத்த ஊரு" என்பார். வெள்ளைக்காரர் எழுத்தில் உருக்குலைந்து கிடந்த ஊர்கள் அவர் வாயில் மறுபடி உயிர்பெற்றன. ஆவணத்தோடு வீட்டுப் பெரியவர் ஒருவரின் ஞாபகமும் சேர்ந்தால்தான் தேடல் நகரும்.

அப்படித்தான் அந்த வரிக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் ஊர். வீட்டில் சொன்ன அதே பெயர். வயதும் காலமும் ஒத்துப்போயின. இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அத்தையிடம் தகப்பன் பெயரை வாசித்தேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அது எங்க தாத்தாவோட அப்பா பேரு. எங்கப்பாவுக்கு அந்தப் பேரைத்தான் வெச்சாங்க" என்றார்.

பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். இந்த வழக்கம் இல்லாவிட்டால் அந்த வரி எங்களுடையது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். கடல் கடந்தவரைத் தேடிப் போனவனுக்கு, ஊரை விட்டே நகராத ஒருவர் கிடைத்தார். என் எள்ளுத் தாத்தா. அவர் கப்பலைப் பார்த்ததில்லை. கடலைக்கூடப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். அவர் பெயர் இந்த உலகத்தில் எழுத்தில் இருக்கும் ஒரே இடம், வேறொரு கண்டத்தில் இருக்கும் கூலியாட்களின் பதிவேடு. மகன் போனதால் தகப்பன் எழுதப்பட்டார். போகாமல் இருந்த இன்னொரு மகன், என் கொள்ளுத் தாத்தா, எந்தத் தாளிலும் இல்லை.

அவருக்காகவும் தேடினேன். நம் ஊரில் ஆவணத்துக்குப் பஞ்சமில்லை. சென்னை எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்தில் மலைபோல் காகிதம் இருக்கிறது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு கிராமத்தின் நிலத்தையும் அளந்து, யார் பட்டாதாரர், எவ்வளவு தீர்வை என்று எழுதி வைத்தார்கள். கர்ணம் சாகுபடிக் கணக்கு எழுதினார். இவை எல்லாம் நிலம் வைத்திருந்தவர்களின் பதிவு. அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்டவர்களுக்கு அங்கே கட்டமே கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் எண்ணாக மட்டுமே மிஞ்சினோம். தாது வருஷப் பஞ்சத்துக்கு முன் 1871இல் ஏறக்குறைய 50 லட்சமாக இருந்த மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகை, 1881இல் 42 லட்சத்துக்குக் குறைந்தது. நான் வாழும் இந்தப் பொம்மனஹள்ளியைச் சுற்றிய கிராமங்களும் அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தன. குறைந்துபோன அந்த லட்சங்களில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல ஒரு பட்டியல் இல்லை.

இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நார்வே நாட்டைப் பாருங்கள். 1825 ஜூலை 4 அன்று 'ரெஸ்டோரேஷன்' என்ற சிறு பாய்க்கப்பல் ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து 52 பேரோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. வழியில் ஒரு குழந்தை பிறந்து, அக்டோபரில் 53 பேராக நியூயார்க் சேர்ந்தார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் சுமார் எட்டு லட்சம் நார்வேக்காரர்கள் அப்படிக் கடல் கடந்தார்கள். அவர்களும் பெரும்பாலும் ஏழைக் குடியானவர்கள். இன்று அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளை ஒருவர் தன் முன்னோரைத் தேடினால், அந்நாட்டு அரசு ஆவணக் காப்பகம் பழைய பதிவேடுகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று கோயில் பதிவேடுகள் இருக்கின்றன. 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பண்ணை பண்ணையாக ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது; பண்ணைக் கூலியாள், வேலைக்காரப் பெண் உட்பட.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பல ஊர்களில் ஊராரே சேர்ந்து ஊர்ப் புத்தகம் போடுகிறார்கள். எந்தப் பண்ணையில் யார் வாழ்ந்தார், யாருக்கு யார் பிள்ளை, யார் அமெரிக்கா போனார், யார் ஊரிலேயே இருந்து மறைந்தார் என்று தலைமுறை தலைமுறையாக அதில் இருக்கிறது. போனவரைத் தேடி வருகிறவர், இருந்தவரையும் கண்டுகொள்கிறார். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள்.

நம்மைச் சேர்ந்தவர்களில் கடல் தாண்டியவர்களுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் ஓரளவு வாய்த்தது. மொரிஷியஸில் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளும் புகைப்படங்களும் இருக்கின்றன. பிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் ஆகிய நாடுகளில் உள்ள கூலியாட்களின் ஆவணங்களை யுனெஸ்கோ 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அடக்கி ஆள்வதற்காக எழுதியவை இன்று பேரப்பிள்ளைகளின் சொத்து. எழுதியவரின் நோக்கம் போய்விட்டது, பெயர்கள் நின்றுவிட்டன.

இதை எல்லாம் அறிந்த பிறகு என் வேலையை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வட கர்நாடகத்திலிருந்தும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்தும் பெண்கள் எங்கள் தொழிற்சாலைக்கு வருகிறார்கள். சில்க் போர்டு தொடங்கி பொம்மசந்திரா வரை இந்தச் சாலை முழுவதும் அப்படிப்பட்டவர்களின் உழைப்பில்தான் ஓடுகிறது. என் முன்னால் இருக்கும் படிவத்திலும் அதே கட்டங்கள்: பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, சொந்த ஊர். நம் பள்ளிச் சான்றிதழ்களில் இன்றும் உடல் அடையாளம் கேட்கிறார்கள். இடது கையில் மச்சம், நெற்றியில் தழும்பு. பிறகு பிஎஃப் எண், இஎஸ்ஐ எண். இவர்களுக்குக் கூலிக்கும் வைத்தியத்துக்கும் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. வேலை பிடிக்காவிட்டால் விட்டுப் போகலாம். நெட்டாலுக்குப் போனவரால் அப்படி விட்டுப் போக முடியவில்லை. ஆனால் ஊரில் தங்கிவிட்ட தங்கைகளின், தம்பிகளின் பெயர் இத்தகைய பதிவேட்டில் இல்லாமல் போவது மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். ஊர்ப் பெயரை இப்போது நான் அவசரமாக எழுதுவதில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, சரியாக எழுதுகிறேன். நூறு வருஷம் கழித்து யாரோ ஒரு பேத்தி அதை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம்.

அந்தப் பழைய பதிவேட்டில் இல்லாத ஒரு கட்டம் என்னை வருத்துகிறது. தாயின் பெயர். எள்ளுத் தாத்தாவின் பெயர் கிடைத்த சந்தோஷத்தில் அத்தையிடம் கேட்டேன்: "எள்ளுப் பாட்டி பேரு என்ன அத்தே?" அவருக்குத் தெரியவில்லை. கொள்ளுப் பாட்டியின் பெயர் தெரிந்திருந்தது. அந்தப் பாட்டி கைவைத்தியம் பார்ப்பார், பிரசவம் பார்ப்பார் என்பதும், பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டி அழைத்துப் போவார்கள் என்பதும் தெரிந்திருந்தது. இத்தனை குழந்தைகளை உலகத்துக்குக் கொண்டுவந்தவரைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை.

அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். குடியாத்தத்துக்குப் போகும்போதெல்லாம் அத்தை சொல்ல நான் எழுதுகிறேன். பெயர், தாய் பெயர், தகப்பன் பெயர், எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், என்ன வேலை செய்தார், எதில் கைதேர்ந்தவர். நெட்டாலுக்குப் போனவரின் எண்ணையும் கப்பல் பெயரையும் ஒரு பக்கத்தில் எழுதி, அதே பக்கத்தில் அவர் தம்பியை எழுதினேன். தம்பிக்கு எண் கிடையாது. அவர் பறை அடித்தால் ஊரே திரும்பிப் பார்க்குமாம். வாங்கிய கடனைத் தீர்க்காமல் தூங்கமாட்டாராம். அத்தை சொன்ன அவ்வளவையும் எழுதினேன்.

நம் வீடுகளில் இன்னும் பெயர் சொல்லத் தெரிந்த ஓர் அத்தை, ஒரு பாட்டி, ஒரு பெரியப்பா இருக்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுவதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டாம், எந்தக் காப்பகத்தின் சாவியும் வேண்டாம். கப்பல் ஏறியவர்களை அவர்களை ஏற்றியவர்கள் எழுதினார்கள். ஏறாதவர்களை எழுத நம்மைத் தவிர வேறு ஆளில்லை. சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.