அடுப்பு மேல் விழுந்த பழி

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் வல்லக்கோட்டைப் பக்கம் எலக்ட்ரீஷியன் பையன்களின் போன் ஓயாது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை வந்தது. 2012-இல் டெய்ம்லர் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. நெல் விளைந்த இடத்தில் நாலு போர்ஷன், ஆறு போர்ஷன் என்று லைன் வீடுகள் முளைத்தன. அவசரத்தில் கட்டிய வீடுகள். அவசரத்தில் இழுத்த ஒயர்கள். நாலு தூறல் விழுந்தாலே ட்ரிப்பரும் விழும். தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி ‘டப்’பென்று விழும்.

ட்ரிப்பர் என்று நாம் சொல்வது ஆர்.சி.சி.பி.யை. அதே பெட்டியில் பக்கத்தில் இருக்கும் எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்ற வந்தது. ட்ரிப்பர் ஆளைக் காப்பாற்ற வந்தது. பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுசாகத் திரும்பி வருகிறதா என்பது ஒன்றுதான் இதன் கணக்கு. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு லைனைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் சின்ன எண் போலத் தெரியலாம். கம்பியைப் பிடித்தவன் தானாகக் கையை விடுவிக்க முடிகிற எல்லை எது என்று அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் ஆட்களை வைத்தே அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. அதற்கு மேல் போனால் கை ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் நேரம் போகப்போக ஆபத்து கூடும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக 1950-களில் இந்த வகைக் கருவி செய்யப்பட்டது என்பதும் எனக்குப் பிடித்த செய்தி. கூலிக்காரன் உயிருக்காகப் பிறந்த சாமான் இது.

ஆலையில் மெயின்டெனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிடுவதுண்டு. போன மழைக்கு ஒரு வீட்டு ஓனர் வந்தார். நாலு போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே ட்ரிப்பர் வைத்திருந்தார், காசு மிச்சம் என்று.

“அண்ணே, கடைசி போர்ஷனுக்கு ஒடிசாப் பசங்க வந்ததிலேருந்துதான் இந்தத் தொல்லை. அவனுங்க கரண்ட் அடுப்பைப் போட்டா விழுது, நிறுத்தினா நிக்குது. இன்னும் என்ன சாட்சி வேணும்?”

சாட்சி பலமாகத்தான் இருந்தது. பையன்கள் பயந்துபோய்ப் பழைய அடுப்பைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கியிருந்தார்கள். புதிதும் விழவைத்தது. எலக்ட்ரீஷியன் தம்பி எல்லா வீட்டிலும் சுவிட்சுகளை ஆஃப் செய்துவிட்டு அடுப்பை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறான், அப்போதும் விழுந்தது. “ட்ரிப்பரைத் தூக்கிட்டு டைரக்டா கொடுத்துடவா சார்?” என்றான். வீட்டு இணைப்புக்கு ட்ரிப்பர் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் விதியே இருக்கிறது. ஆனாலும் இந்த டைரக்ட் வைத்தியம் ஊர் முழுக்க நடக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டுத் தண்ணீர் காயவைத்து, ஈரக்கையோடு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டைரக்ட் என்றால் என்ன பொருள் என்று அவனிடம் கேட்டேன். பேசாமல் இருந்தான்.

அந்த அடுப்பை என் வீட்டில் போட்டுப் பார்த்தோம். ட்ரிப்பர் அசையவில்லை.

தம்பி தவறவிட்டது ஒரு சின்ன விஷயம். சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எப்போதும் போர்டோடு தொடுப்பில்தான் இருக்கும். எங்காவது ஒரு மூலையில் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டால், எல்லா சுவிட்சையும் அணைத்தாலும் அந்தக் கோளாறு அப்படியே கிடக்கும். எல்.இ.டி. பல்பு நாலு எரிந்தால் ஓடுகிற மின்சாரமே சொற்பம், அதில் கசிவது தெரியாது. 2,000 வாட் அடுப்பைப் போட்டால் எட்டரை ஆம்பியருக்கு மேல் ஓடும். திரும்பி வரும்போது அதில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு எர்த்து வழியாக ஒதுங்கினாலே 30 மில்லி ஆம்பியர் ஆகிவிடுகிறது. அடுப்பு யோக்கியமானது, அதன் சுமைதான் வேறெங்கோ இருந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது.

மெயினை அணைத்து, பிளக்குகளை எல்லாம் பிடுங்கி, நியூட்ரல்களைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயர் கசிவைச் சோதிக்கும் மெகரை எர்த்தோடு வைத்துப் பார்த்தோம். மூன்று லைன் சுத்தம். நாலாவதில் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. மொட்டைமாடி லைட்டுக்குப் போகிற லைன். கைப்பிடிச் சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் பாதிக்குத் தண்ணீர். மேலே எறும்பு மிதந்தது. டேப் சுற்றாமல் முறுக்கி விட்டிருந்த நியூட்ரல் கம்பி பச்சைக் களிம்பேறி எர்த்துக் கம்பியோடு ஒட்டிக்கிடந்தது. அந்தப் பல்பு எரிந்து பல மாதமாம். அங்கே ஒரு லைட் இருப்பதே ஓனருக்கு மறந்துபோயிருந்தது.

பழி இப்படி இடம் மாறி விழுவதை நான் ஆலையிலும் நிறையப் பார்த்தவன். பாகம் உடைந்தது கான்ட்ராக்ட் பையன் கையில் என்று அவனை அன்றைக்கே நிறுத்துவார்கள். விரிசல் விழுந்தது அவனுக்கு மூன்று ஸ்டேஷன் முன்னால். குடும்பங்களிலும் இதே கதைதான். பத்து வருஷமாக அண்ணன் தம்பிக்குள் புகைந்த நிலத்தகராறு, புது மருமகள் வாய் திறந்த அன்று வெடிக்கும். “இவ காலடி எடுத்து வெச்ச நேரம்” என்பார்கள். யார் வந்த பிறகு விழுந்தது என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். எங்கே ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் ஒவ்வொரு கம்பியாகக் கழற்ற வேண்டும், மாடி ஏற வேண்டும், சில நேரம் நம் கையால் முறுக்கிவிட்ட இடத்தையே திறந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவன் தமிழ் தெரியாதவனாகவும் இருந்துவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

புது பாக்ஸ் மாட்டி, மழைநீர் புகாமல் அடைத்து, எர்த்தைத் தனியாக எடுத்தான் தம்பி. போர்ஷனுக்கு ஒரு ட்ரிப்பர் போடச் சொன்னேன். ஒரே ட்ரிப்பரின் கீழ் நாலு வீட்டு பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இருந்தால், கோளாறே இல்லாமல் ஒவ்வொன்றும் கசியவிடும் துளிகள் சேர்ந்தே அதை விழவைக்கும். 30 என்று அச்சடித்த ட்ரிப்பர் 15-ஐத் தாண்டினாலே விழலாம். ஓனர் விலையைக் கேட்டு முகம் சுளித்துவிட்டு, பிறகு சம்மதித்தார். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கவும் சொல்லிவைத்தேன்.

“பசங்க அநியாயமா ஒரு அடுப்பு வாங்கியிருக்காங்க. வாடகையில கழிச்சுக்கோங்களேன்” என்றேன்.

“பாக்கலாம்ணே” என்றார்.

அடுத்த மாதம் அந்தப் பையன்களில் ஒருவனைக் கோயில் வாசலில் பார்த்தபோது கேட்டேன். பாதி கழித்திருக்கிறார்.