சார் வரலையா?

மாலை ஆறரை மணிக்கு மின்சாரம் போனபோது திரையில் 62 சதவீதம் என்றிருந்தது. பயாஸ் அப்டேட். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிராசஸரை என் மதர்போர்டு அடையாளம் காண வேண்டுமென்றால் முதலில் அதைச் செய்தாக வேண்டும். யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருடம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் கண் ஆபரேஷன் என்று அது வரிசையில் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. மின்சாரம் திரும்பியது. ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"உன்னை யாரு அதைத் தொடச் சொன்னா?" என்றார் அவர். ஏழு வருடமாக அந்தக் கணினியில்தான் புத்தகப் பக்கங்கள் வடிவமைக்கிறேன். வீட்டு வாடகை அதிலிருந்து போகிறது. ஆனாலும் கெட்டுப்போனால், நான் 'தொட்டது'.

ரிச்சி தெருக் கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "சார் வரலையா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "போர்டு போயிடுச்சு மேடம், புதுசுதான். சார் நம்பர் குடுங்க, ரேட் சொல்றேன்." கொடுத்தேன். என் எண்ணை ஏன் கொடுக்கவில்லை என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

போர்டு போகவில்லை. அதிலிருக்கும் எட்டுக்கால் சிப் ஒன்றில் பாதி எழுதி நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சிப்பை வெளியிலிருந்தே கிளிப்பால் கவ்வித் திரும்ப எழுதலாம். சிஎச்341ஏ என்ற சின்ன புரோகிராமர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆனால் சிப்பின் மேல் அச்சிட்டதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். 25க்யூ128எஃப்வி என்றால் 3.3 வோல்ட். கடைசி எழுத்து வி-க்குப் பதில் டபிள்யூ என்றால் 1.8 வோல்ட். ஒரே எழுத்து, தவறாகப் படித்தால் சிப் கருகலாம். என்னுடையது வி. மலிவான சில புரோகிராமர்கள் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் விடுகின்றன என்பதால், வோல்ட்டை மாற்றும் சுவிட்ச் உள்ளதாகத் தேடி வாங்கினேன்.

அம்மா வந்திருந்தாள். நாற்பது வருடம் பிளவுஸ் தைத்தவள். "என்னடி இது, மூட்டைப்பூச்சி மாதிரி?" என்றாள். பவர் கேபிளையும் பட்டன் பேட்டரியையும் கழற்றி, சிப்பின் புள்ளி இருந்த மூலைக்குக் கிளிப்பின் சிவப்புக் கம்பியை நேராக வைத்தேன். முதலில் உள்ளிருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டு நகலும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இல்லை. கிளிப் வழுக்குகிறது. "நகரு, நான் பிடிச்சுக்கறேன்" என்று உட்கார்ந்தாள். அவள் விரல் அசையவில்லை. மூன்றாவது, நான்காவது நகல்கள் ஒத்துப்போயின.

1960களில் நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் கணினி நிரல், மாசசூசெட்ஸின் வால்தம் தொழிற்சாலையில் பெண்கள் கையால் கோத்தது. காந்த வளையத்துக்குள் கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். பொறியாளர்கள் அதைக் கிழவிகளின் நினைவகம் என்று கேலியாகச் சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னேன். "கோத்தவளுக்கு என்ன கூலி குடுத்தாங்க?" என்றாள்.

தயாரிப்பாளர் தந்த கோப்பு, சிப்பின் அளவைவிட 2,048 பைட் கூடுதல். தலைப்பில் ஒட்டியிருந்த அந்தப் பகுதியை வெட்டி, பழைய நகலிலிருந்த நெட்வொர்க் முகவரியை அதனிடத்தில் வைத்து, அழித்து, எழுதி, சரிபார்த்தேன். அம்மா ஒரு முறை மட்டும் கை மாற்றிக்கொண்டாள், அதுவும் எழுதத் தொடங்குவதற்கு முன்.

திரை வந்தது. "தேதி தப்பா காட்டுது" என்றாள் அம்மா.

மறுநாள் அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். புதுப் போர்டு விலை. "வேண்டாங்க, ஓடுது. சிப்புல திரும்ப எழுதிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எந்தக் கிளிப் மேடம் வாங்கினீங்க? நம்ம கடையில இருக்கறது வழுக்குது" என்றார். சொன்னேன்.