மணல் மேல் கட்டின வீடு

வீடு கட்டின இரண்டு பேரைப் பற்றி இயேசு சொன்ன உவமை மத்தேயு 7ஆம் அதிகாரத்திலும் லூக்கா 6ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. நம்மில் பலருக்கும் மனதில் நிற்பது மத்தேயு சொன்னதுதான். அறிவாளி பாறைமேல் கட்டினான், மூடன் மணல்மேல் கட்டினான், மழை வந்தது, மூடனின் வீடு போயிற்று.

தவளக்குப்பத்தில் இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. கடலும் ஆறும் பக்கத்தில். பாறைக்கு நாம் எங்கே போவது?

மே 1 உழைப்பாளரான சூசையப்பர் திருநாள். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் அன்று பூசை முடிந்து, கொத்தனார், தச்சர், எலக்ட்ரீசியன், தையல்காரர் என்று ஒரு பதினைந்து பேரிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் இந்த உவமையை எடுத்தேன். பாதியிலேயே ஒரு கொத்தனார் எழுந்தார்.

"மணல் மேல கட்டினா விழும்னா நம்ம ஊர்ல ஒரு வீடும் நிக்காதே சார்!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு அவரே விளக்கினார். மணல் பக்கவாட்டில் ஓடாமல் அடைத்து, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டை போட்டு இடித்தால் நன்றாகவே பாரம் தாங்குமாம்.

வீட்டுக்கு வந்து, நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு வேதாகமத்தை எடுத்து லூக்காவைப் பார்த்தேன். அங்கே மணல் என்ற பேச்சே இல்லை! ஒருவன் ஆழமாகத் தோண்டி அஸ்திவாரம் போட்டான், மற்றவன் அஸ்திவாரமே இல்லாமல் தரைமேல் கட்டினான், அவ்வளவுதான். குற்றம் மண்ணில் இல்லை, தோண்டாததில். இயேசுவை பிரெஞ்சு வேதாகமம் 'ஷர்பாந்த்தியே' என்கிறது, தமிழில் தச்சர். மூலமான கிரேக்கச் சொல் 'தெக்தோன்' அதைவிடப் பரந்தது, கட்டட வேலை செய்பவரையும் குறிக்கும். தோண்டுகிறவனின் முதுகுவலி தெரிந்தவர் சொன்ன கதை என்றே நான் நினைக்கிறேன்.

அஸ்திவாரக் குழியை நம் கொத்தனார்கள் 'வானம்' என்பார்கள். தலைக்கு மேலே இருப்பதற்கும் காலுக்குக் கீழே தோண்டுவதற்கும் ஒரே பெயர்! எப்படி வந்ததோ, எனக்குப் பிடித்த சொல்.

மணலோர மண்ணில் அஸ்திவாரம் நிற்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்திலிருக்கும் அரிக்கமேட்டை நினைத்துக்கொள்ளலாம். 1945இல், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, ஆங்கிலேயரான மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். பின்னால் பிரெஞ்சுக்காரரான கசால் தொடர்ந்தார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் ஏறக்குறைய 150 அடி நீளமுள்ள செங்கல் கட்டடத்தின் அடிப்பகுதி கிடைத்தது. சரக்குக் கிடங்காக இருக்கலாம் என்று வீலர் கணித்தார். ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த காலம், கிட்டத்தட்ட 2000 ஆண்டு. மேல் கட்டடம் போய்விட்டது, சரக்கும் போய்விட்டது, மண்ணுக்குள் போட்ட செங்கல் இருந்தது.

நம் சம்பா கோயிலையும் சொல்ல வேண்டும். புனித பவுலின் பெயரே மருவி 'சம்பா' ஆயிற்று என்பார்கள். பவுல் கூடாரம் செய்கிற தொழிலாளி, கொரிந்தியருக்கு எழுதும்போது தன்னை அஸ்திவாரம் போட்ட கட்டடக்காரன் என்று சொல்லிக்கொள்கிறவர். 1736இல் முடித்த கோயிலை 1761இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். அந்த இடத்திலேயே இப்போதைய கோயில் எழுந்து, 1791இல்தான் அபிஷேகம் ஆயிற்று. இடையில் 30 ஆண்டு.

எழுந்து பேசிய அந்தக் கொத்தனார் ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். கூலிக்கு வேலை பார்த்தவர், காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. முதல் வீட்டுக்காரர் கொடுத்த முன்பணத்தில் இரண்டாவது வீட்டுக்குக் கம்பி வாங்கிவிட்டார். ஐப்பசி மழையில் வேலை நின்றது. சனிக்கிழமை ஆனால் ஆட்களுக்குக் கூலி தர வேண்டும், அதற்கு அஞ்சு வட்டிக்குக் கடன். மனைவியின் சங்கிலி அடகில்.

"மூணாவது வீடு ஒண்ணு வருது சார். அந்த முன்பணம் கைக்கு வந்தா எல்லாம் சரியாயிடும்."

"தம்பி, அரசாங்கக் கணக்கில் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு தலைப்பு உண்டு. ரோட்டுக்கு வந்த பணத்தில் பள்ளிக்கூடம் கட்ட முடியாது. நீங்க வீட்டுக்கு ஒரு நோட்டு போடுங்க."

"நோட்டு போட்டா கடன் தீருமா?"

நியாயமான கேள்வி. தீராதுதான். ஆனால் எந்த வீட்டுப் பணம் எவ்வளவு எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு நாள் மாலை உட்கார்ந்து, சிமெண்ட் கடை பில், மணல் லோடு, கூலி எல்லாவற்றையும் பிரித்து எழுதினோம். முதல் வீட்டுக் கணக்கில் விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்து கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

மறுநாள் முதல் வீட்டுக்காரரிடம் போய் நோட்டைக் காட்டி உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் வாசலில் நிற்க வைத்துத் திட்டினாராம். பிறகு, இனி பொருளை நானே வாங்கித் தருகிறேன், நீ கூலிக்கு மட்டும் செய், எடுத்த பணத்தைக் கூலியில் கழித்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். மூன்றாவது வீட்டை இவர் விட்டுவிட்டார். வேறொருவர் எடுத்துச் செய்து, அந்த மாடி வீடு இப்போது மெயின் ரோட்டிலிருந்தே தெரிகிறது.

அந்த ஆண்டு அவர் வருமானம் குறைந்துதான் போயிற்று. வட்டிக் கடன் முடிந்து, சங்கிலி அடுத்த ஆண்டு மாதா திருநாளுக்குத்தான் வீட்டுக்கு வந்தது. இப்போது வீட்டுக்கு ஒரு நோட்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் எழுதுகிறாள், என்னைவிட அழகான கையெழுத்து.