வெள்ளம் கோரும் கை

நகரத்துப் பூங்காக்களில் நீரூற்று பார்த்திருப்பீர்கள். மரநிழல், நாலு சிமெண்ட் பெஞ்ச், நடுவில் ஒரு தொட்டி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை.

நாஞ்சில் நாட்டில் ஊருக்குப் பொதுவான ஊற்று என்றால் பெரும்பாலும் கிணறுதான். இங்கே தண்ணீரை வெள்ளம் என்றும் சொல்வார்கள். இறைப்பது என்பதற்குக் கோருவது. "ஒரு குடம் வெள்ளம் கோரிட்டு வா" என்றால் வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் முழிப்பார்கள் :)

நாகர்கோவிலுக்குத் தென்கிழக்கே, சாமித்தோப்பில் அப்படி ஒரு பொதுக்கிணறு இருக்கிறது. பெயர் முத்திரிக் கிணறு. அய்யாவழி மக்களின் தலைமைப்பதிக்குப் பக்கத்தில்தான். பதிக்கு வருகிறவர்கள் முதலில் இங்கே வந்து குளித்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டுப் போவது வழக்கம். திருவிழா இல்லாத நாட்களில் அமைதியான இடம்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். விசேஷம் தண்ணீரில் இல்லை, அதைக் கோரிய கைகளில் இருக்கிறது.

அய்யா வைகுண்டர் வாழ்ந்த காலம் 1809 முதல் 1851 வரை. அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யம். தாழ்த்தப்பட்ட சாதியினர் எல்லாத் தெருவிலும் நடக்க முடியாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடக்கூடாது. பொதுக்கிணற்றுப் பக்கம் போகவே கூடாது. அந்தக் காலத்தில் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் கோரலாம், குளிக்கலாம், குடிக்கலாம் என்று அவர் செய்து காட்டினார். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும் வைத்தார். இதையெல்லாம் அரசு சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தது.

பொருளாதாரப் புத்தகத்தில் 'பொதுப்பண்டம்' என்று ஒரு பாடம் வரும். யாரையும் விலக்க முடியாதது என்பது அதன் இலக்கணங்களில் ஒன்று. எடுத்துக்காட்டுக்குத் தெருவிளக்கைச் சொல்வார்கள். வெளிச்சத்தை ஒருவருக்கு மட்டும் மறைக்க முடியாதுதானே? கிணறு அப்படியில்லை. கயிறும் வாளியும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மற்றவர்களை விலக்கிவிடலாம். ஊர் நடுவில் இருப்பதால் மட்டும் ஒரு கிணறு பொதுவாகிவிடாது. யாராவது துணிந்து பொதுவாக்க வேண்டும்.

லண்டனில் ஏழைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று முதல் இலவசக் குடிநீர் ஊற்றைத் திறந்தது 1859-இல். சங்கிலியில் கட்டிய குவளையில் வருகிறவர் போகிறவர் எல்லாம் குடித்தார்கள். அதே 1859-இல்தான் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசாணை வந்தது. முத்திரிக் கிணறு இரண்டுக்கும் முந்தியது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மகாராஷ்டிராவில் மகாட் ஊரின் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அம்பேத்கர் தண்ணீர் எடுத்துக் குடித்தது 1927 மார்ச் 20-இல். வைகுண்டர் மறைந்து 76 வருடம் கழித்தும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க அப்படி ஒரு போராட்டம் தேவைப்பட்டது!

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், 2022 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது. குழாய் வந்துவிட்டது, தொட்டி வந்துவிட்டது, சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும்...

மாசி 20 வைகுண்டர் அவதார தினம். அன்று நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்குப் பெரிய ஊர்வலம் போகும், கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் உண்டு. லீவு கிடைத்தால் வீட்டில் தூங்காமல், ஒருமுறை முத்திரிக் கிணற்றுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கை தண்ணீர் குடியுங்கள். பக்கத்தில் நின்று குடிப்பவர் யார், எந்த ஊர் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.