கரைவதும் உரிவதும்

பிப்ரவரி 9, ஞாயிறு

காரின் கிரில், லோகோ, குரோம் பட்டை இவற்றை வீட்டிலேயே கறுப்பாக்க நினைப்பவர்கள், 'பிளாஸ்டி டிப்' போன்ற உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை கோட் அடிக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பட்டறை பெயின்ட் வேறு வகை, அதில் ஹார்டனர் கலக்கிறார்கள். வேதிவினையால் இறுகிய பிறகு பெட்ரோல் பட்டாலும் அது கரையாது. இந்தப் பூச்சில் அந்த வினை இல்லை. பஞ்சர் கடை சொல்யூஷனைப் போல, கரைப்பான் ஆவியாகப் போய் ரப்பர் மட்டும் படலமாக மிஞ்சுகிறது. அடியிலுள்ள பெயின்டைப் பிடித்து நிற்குமே தவிர அதோடு கலந்துவிடாது. படலத்துக்குக் கனம் இருந்தால்தான் ஒரே தோலாக உரியும். கேனை மிச்சப்படுத்தி இரண்டு கோட்டோடு நிறுத்தினால், உரிக்கும் நாளில் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து கிரில் இடுக்கில் தங்கிவிடும். முதல் கோட்டை அடிநிறம் தெரியும்படி தூவிவிட்டு, மேலே நாலைந்து கோட்டாவது நனைய அடிக்க வேண்டும். மெலிந்துபோகும் ஓரங்களில் கூடுதல் கவனம் தேவை. மாஸ்க்கிங் டேப்பைக் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், காய்ந்தபின் எடுத்தால் டேப்போடு பூச்சும் கிழியும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெட்ரோல் சிந்தினால் கரைகிற பூச்சு எதற்கு என்று கேட்பது நியாயம்தான். பெட்ரோல் மூடியின் அருகே இதை அடிக்கவே கூடாது. ஆனால் கரையும் குணம் இருப்பதால்தான் புதுக் கோட் பழைய கோட்டோடு இளகி ஒன்றாகிறது. மெலிந்து உரிய மறுக்கும் பழைய படலத்தின்மேல் மறுபடி கனமாக அடித்துக் காயவிட்டால், இரண்டும் சேர்ந்து உரிந்து வரும். இறுகிய பெயின்டில் இந்த வழி கிடையாது. ஸ்டிக்கர் போதாதா என்றால், தட்டையான பட்டைக்குப் போதும். கிரிலின் கண்களுக்குள்ளும் லோகோவின் வளைவுகளிலும் ஸ்டிக்கர் படியாது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும் ஜீப்புகளின் பம்பர் அடியில், கல் தெறிக்கும் இடத்தில், இந்தப் பூச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தேவாரம் ஊரில் இந்தப் பூச்சை அடிக்க ஏற்ற காலம் இந்தப் பிப்ரவரி மாதம்தான். ஆனியிலும் ஆடியிலும் மலையிலிருந்து இறங்கும் காற்று, தூவும் துளியைக் கலைத்து ஈரப் பூச்சில் புழுதியை ஒட்டவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்திலும் போடிமெட்டின் மூடுபனியிலும் அடித்தால் பூச்சு வெளுத்துப்போகக்கூடும். காலை வெயில் ஏறுமுன், நிழலில், திறந்த வெளியில் அடிப்பது நல்லது. கரைப்பானின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போய்த் தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் வீட்டு வாசலில் வேண்டாம், முகமூடியும் அவசியம். வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவான விவரம். முழு உடலையும் வேறு நிறமாக்குவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். நம்பர் பிளேட்டிலும் விளக்குகளிலும் ஒரு துளிகூடப் படாமல் மூடிவிட்டே கேனைக் குலுக்க வேண்டும்.